ஏறும்போது மட்டும்

முதலில் பிடுங்கியது மேல்வரிசையில் இடது கடைவாய்ப்பல்.
அதில் சொத்தை இல்லை.
பிடுங்கிய பிறகுதான் தெரிந்தது,
தட்டில் கிடந்து விளக்கை என் கண்ணுக்கே திருப்பியபோது.
மூன்று மாதம் கழித்து அதன் பக்கத்துப் பல்.
அவளே கேட்டாள் என்று
குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.
எழுதி வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

சாதுர்நினா யூஹ்ரா, வயது முப்பத்தெட்டு.
லா பாஸ் பள்ளத்திலிருந்து எல் ஆல்தோ மேட்டுக்கு
வடத்தில் தொங்கிப் போகும் பெட்டிகளுக்குக்
கதவு பார்க்கும் வேலை.
தினமும் ஏழெட்டு முறை தானும் ஏறி இறங்குவாள்.

‘ஏறும்போதுதான் டாக்டர், இறங்கும்போது சும்மா இருக்கு.
மேலே போகப் போக கன்னத்துக்குள்ளே
யாரோ பந்துக்குக் காத்தடிக்கிற மாதிரி.’

சிரித்தேன்.
உருளைக்கிழங்கே வேக முரண்டு பிடிக்கும் உயரம் இது,
இங்கே யாருக்குத்தான் தலை வலிக்கவில்லை?
கோக்கா இலை மெல்லச் சொன்னேன்,
மற்றப் பக்கத்தில்.

அவள் நோயைத்தான் சொல்லியிருந்தாள்.
வார்த்தை பிசகாமல்.

காது மூக்கு தொண்டைக்காரி நொயேமி ஆர்த்தியாகா
படத்தை எனக்கு அனுப்பினாள்.
இடது கன்னத்து எலும்பறை
வலதைவிட ஒன்றரை மடங்கு.
சுவர்கள் முட்டையோடாக இளைத்து,
கண்ணின் தரையை மேலே நெட்டி,
உள்ளே?
சீழ் இல்லை. கட்டி இல்லை.
காற்று.
வாசலில் ஒரு சவ்வு, உள்பக்கம் மட்டும் திறக்கிறது.
தும்மும்போதெல்லாம் கொஞ்சம் நுழைகிறது,
நுழைந்தது திரும்புவதில்லை.
அவள் பெட்டியில் ஏற ஏற
அதுவும் தன் அறைக்குள் ஏறுகிறது.

‘பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இது இரண்டாவது’ என்றாள் நொயேமி.
பிறகு, குரலை மாற்றாமல்:
‘வியாழக்கிழமை செய்கிறேன். வந்து பாருங்கள்.’

போனேன். பச்சை அங்கி, இரவல் செருப்பு.
முகத்தில் கீறல் ஏதுமில்லை,
நாசி வழியே ஒரு மெல்லிய குழல்,
அதன் நுனியில் வெளிச்சம்.
திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சந்து,
நொயேமியின் கை அங்கே
சொந்தத் தெருவில் நடப்பதுபோல் நடந்தது.
சவ்வை நறுக்கினாள்.
வாசலை நகத்தின் அகலத்துக்கு விரித்தாள்.
பெருமூச்சு ஏதும் கேட்கவில்லை.
அவள் இதயம் மானிட்டரில் பழைய கணக்கிலேயே ஓடியது.

பிறகு குழல் உள்ளே குனிந்தது.
அவள் வாயின் கூரை அங்கே தரை.
தரையில் இரண்டு பள்ளங்கள், பக்கத்தில் பக்கத்தில்.
என் கையெழுத்து.

நொயேமி ஒன்றும் சொல்லவில்லை.
அந்த இடத்தில் குழலைக்
கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தினாள், அவ்வளவுதான்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
பற்கள் அவளுடையவை,
சொல் போனது எனக்கு.

ஆறு வாரம் கழித்து வந்தாள்.
கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பல்தான்,
எலும்பு அவசரப்படாதாம்.
நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து
விரலால் காட்டினாள்:
‘இந்த ரெண்டுக்கும் எவ்வளவு?’
காசு வேண்டாம் என்றேன்.
‘வேண்டாம். இலவசம்னா அவசரமா செய்வீங்க.’
ஆயிரத்து எண்ணூறு பொலிவியானோவில் தொடங்கி
ஆயிரத்து நானூற்றைம்பதில் நின்றோம்.
திருகு ஊன்ற எலும்பு போதாது,
கழற்றி மாட்டும் பல்தான் என்று
அப்புறம்தான் சொல்ல வாய் வந்தது.
‘அதுக்கு இன்னும் நூறு குறைங்க’ என்றாள்.

மன்னிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல்
மெழுகுத் தட்டைக் கையில் வைத்திருந்தேன்.
கடிக்கச் சொன்னேன். கடித்தாள்.

மாலையில் வீட்டுக்கு அதே வடத்தில்தான் ஏறுகிறேன்.
அவள் கதவைச் சாத்தி, தட்டிப் பார்த்து, அனுப்புகிறாள்.
மூன்றாம் தூணைத் தாண்டும்போது காது அடைக்கிறது.
நாக்கு தானாகவே
மேல்வரிசை இடப்புறம் போய்
ஒவ்வொன்றாக எண்ணுகிறது.